சக்கரம் தொடும் முன்பே: தரையிறக்கப் பயிற்சி குறித்து வாசகர் கேள்விகள்

இலகுரக விமானங்களில் தரையிறக்கம் பழகும் மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். நான் பல ஆண்டுகளாகப் பயிற்சி விமானத்தின் வலப்பக்க இருக்கையில் அமர்ந்து, இடப்பக்கம் இருப்பவரின் கைகளையும் கண்களையும் கவனித்துவருபவன். கடிதங்கள் எல்லாமே சக்கரம் தரையில் பட்ட அந்த ஒரு நொடியைப் பற்றியே பேசுகின்றன. என் அனுபவத்தில் பிழை அதற்கு ஒரு நிமிடம் முன்பே தொடங்கிவிடுகிறது. விமானத்துக்குச் சேதம் வருவது பெரும்பாலும் அந்தப் பிழையைத் திருத்த அவசரப்படும் அடுத்த அசைவினால்தான். பதில்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 14 மணி நேரம் பறந்திருக்கிறேன். ஃபிளேர் செய்யும்போது சில நேரம் விமானம் மறுபடி மேலே எழும்பிவிடுகிறது. சில நேரம் தொப்பென்று விழுகிறது. தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை எப்படிக் கணிப்பது, ஐயா? – ஒரு பயிற்சி விமானி

பதில்: ஃபிளேர் என்பது இறங்கி வரும் விமானத்தின் மூக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தி, இறக்கத்தைத் தணித்து, பின்னால் உள்ள பிரதானச் சக்கரங்கள் இரண்டும் முதலில் தரையைத் தொடும்படி செய்வது. சிறிய பயிற்சி விமானங்களில் அது தரைக்கு மேல் ஏறக்குறைய 10 முதல் 20 அடி உயரத்தில் தொடங்குகிறது. அந்த உயரத்தை உயரமானியில் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை; கண்தான் சொல்ல வேண்டும். ஆகவே கண் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

மூக்குக்குச் சற்று முன்னால் தெரியும் தார்ப்பரப்பைப் பார்த்தீர்களானால் அது மங்கலாக விரைந்தோடும். கை பதறி யோக்கை (விமானத்தின் கைப்பிடிச் சக்கரம்) சட்டென்று இழுக்கும். விமானம் எழும்பும், அல்லது உயரத்திலேயே வேகத்தை இழந்து விழும். அடிவானத்தையே வெறித்துக்கொண்டிருந்தாலோ தரை நெருங்கி வருவது புலப்படாது. தாமதமாக இழுப்பீர்கள், மூக்குச் சக்கரம் முதலில் மோதும். இறங்கி வரும் வேகமான 65 நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கார் ஓட்டுபவர் சாலையில் எவ்வளவு தூரம் முன்னே பார்ப்பாரோ அந்த அளவில் பார்வையை வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளேர் தொடங்கியதும் அது ஓடுபாதையின் மறுமுனைப் பக்கம் நகரட்டும், ஆனால் ஒரே புள்ளியில் ஒட்டிக்கொள்ள வேண்டாம். அப்படிப் பார்க்கும்போது ஓடுபாதையின் இரு ஓரங்களும் கடைக்கண்ணில் விரிந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தரை உங்களை நோக்கி எழுந்து வருவதுபோலத் தோன்றும். ஃபிளேருக்கான அழைப்பு அதுதான்.

இனி கை. எழும்பி எழும்பி இறங்கும் மாணவர்களின் இடக்கையைப் பாருங்கள். விரல் மூட்டுகள் வெளுத்திருக்கும். அவ்வளவு இறுக்கமாகப் பிடித்த கைக்கு விமானம் சொல்லும் செய்தி எட்டாது. நான் அவர்களிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, நடுவிரலுக்கு மேலாகவும் அதன் இருபுறத்து விரல்களுக்குக் கீழாகவும் செருகிக்கொண்டு யோக்கைப் பிடிக்கச் சொல்வேன். இறுக்கினால் பென்சில் விரலை வலிக்கச் செய்யும். கை தானாகத் தளரும். இதை டவுன்விண்டில், ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போது மட்டும் செய்து பாருங்கள். பேஸுக்கு, அதாவது ஓடுபாதைக்குக் குறுக்காகப் பறக்கும் கட்டத்துக்கு, திரும்பும் முன் எடுத்து வைத்துவிடுங்கள். டிரிம் (யோக்கின் அழுத்தத்தைத் தணிக்கும் அமைப்பு) சரியாக வைக்கப்பட்டிருந்தால் இரண்டு விரலும் கட்டைவிரலும் போதும் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

விமானம் எழும்பிவிட்டால் யோக்கை முன்னே தள்ளாதீர்கள். எழும்பியது சிறிதென்றால் மூக்கை இருக்கும் நிலையிலேயே நிறுத்தி, விமானம் மறுபடி இறங்கத் தொடங்கும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து ஃபிளேரைத் தொடருங்கள். தேவைப்பட்டால் எஞ்சின் விசையைக் கொஞ்சம் கூட்டலாம். பெரிதாக எழும்பிவிட்டது என்று தோன்றினால் யோசனை வேண்டாம், கோ அரவுண்ட் செய்து, அதாவது இறங்காமல் முழு விசையோடு ஏறிச் சுற்றி, மறுபடி வாருங்கள்.

இன்னொன்றும் பாருங்கள்: இருக்கை. இரண்டு வாரமாக அழகாக இறங்கிக்கொண்டிருந்த என் மாணவர் ஒருவர் திடீரென்று மூன்று சக்கரங்களும் ஒன்றாகப் படும்படி தட்டையாக இறங்கத் தொடங்கினார். நான் பார்வையைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் மூன்று நாள் பேசினேன். நான்காம் நாள், அவர் ஏறி அமர்வதை வெளியிலிருந்து பார்த்தபோதுதான் விளங்கியது: அதே ரகத்தைச் சேர்ந்த வேறொரு விமானத்துக்கு மாறியிருந்தோம், அதில் இருக்கை தாழ்வாக இருந்தது. கண் தாழ்ந்ததால் மூக்கு வழக்கத்தைவிட உயர்ந்திருப்பதாக அவருக்குத் தெரிந்தது. போதுமான அளவு உயர்த்திவிட்டோம் என்று எண்ணி இழுப்பதை நிறுத்திக்கொண்டார். ஒரு மெத்தைத் துண்டு வைத்ததும் பழைய தரையிறக்கம் திரும்பி வந்தது. அந்த மூன்று நாள் அவர் பட்ட மனவருத்தத்துக்கு நான்தான் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில், ஒரே தொலைவில் அமருங்கள். இருக்கையின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் தடவை துள்ளியதும் மூக்கைக் கீழே தள்ளினேன். அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாக இருந்தது. மூன்றாவதற்குள் பயிற்றுநர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டார். விமானம் தரையைவிட்டு எழுந்தால் மூக்கைக் கீழே இறக்குவதுதானே இயல்பு? அதில் என்ன தவறு? – தனிப் பறத்தலுக்குக் காத்திருக்கும் மாணவி

பதில்: இயல்புதான். அதனால்தான் இது ஆபத்தானது.

பிரதானச் சக்கரங்கள் விமானத்தின் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கின்றன. மூக்குச் சக்கரம் அதற்கு வெகு முன்னால் இருக்கிறது. பிரதானச் சக்கரங்கள் முதலில் பட்டால் தரையின் எதிர்விசை மூக்கைக் கீழே கொண்டுவர முனையும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் குறையும். விமானம் தரையில் தங்கப் பார்க்கும். மூக்குச் சக்கரம் முதலில் பட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். மூக்கு மேலே உதைக்கப்படும், கோணம் கூடும், இன்னும் பறப்பதற்கான வேகம் மிச்சமிருப்பதால் இறக்கை விமானத்தைத் தூக்கிவிடும். மேலே போனதும் வேகம் குறைந்து மூக்கு தானே தாழத் தொடங்கும். நீங்கள் எழுச்சியைக் கண்டு, பயந்து, யோக்கைத் தள்ளும் அசைவு இறக்கைக்கு வந்து சேரும் நேரமும் அதுவே. தள்ளியது தாழ்வோடு சேர்ந்துகொள்கிறது. மூக்குச் சக்கரம் முன்னிலும் பலமாக மோதுகிறது. கையின் அசைவு விமானத்தின் அசைவுக்கு ஒரு கணம் பிந்தியே நடப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் துள்ளல் வளர்கிறது. பாதிக்கப்படுவது மூக்குச் சக்கரக் காலும், அது பொருத்தப்பட்டிருக்கும் எஞ்சின் அறையின் பின்சுவரும், சுழலியும் (புரொப்பெல்லர்). செஸ்னா 172 போன்ற விமானத்தில் சுழலியின் கீழ் நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல்தான் என்பதை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

துள்ளல் சிறிதாக இருந்தால், தரையைத் தொடும்போது மூக்கு எந்த நிலையில் இருக்க வேண்டுமோ அந்த நிலையைப் பிடித்து, இறக்கத்தை மென்மையாக்கும் அளவுக்கு மட்டும் விசை சேர்த்து, விமானத்தைத் தானாக இறங்கவிடுங்கள். பெரிதாக இருந்தால் முழு விசை கொடுத்துக் கிளம்பிவிடுங்கள். இரண்டாவது துள்ளல் வந்துவிட்டால் அது சிறிதா பெரிதா என்று எடைபோடவே வேண்டாம். கிளம்பிவிடுவதுதான் என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி. துள்ளிய பிறகு முடிவெடுக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி. ஆகவே அந்த முடிவை ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டத்தில், வரும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளச் செய்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி என் கண்ணில் பட்டது: "ஃபைனலில் வேகம் 75 ஆக இருந்தது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். துள்ளலின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதை அடுத்த கேள்வியோடு சேர்த்துப் பார்ப்போம்.

கேள்வி: பயிற்றுநர் 65 நாட் என்கிறார். பாதுகாப்புக்காக நான் 10 நாட் கூடுதலாக வைத்துக்கொள்கிறேன். ஸ்டாலுக்குப் பயந்து செய்வது தவறா? – ஒரு வாசகர்

பதில்: பயம் நியாயமானது, மருந்து தவறானது. ஸ்டால் என்பது இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மிகுந்து தூக்குவிசை சட்டென்று குறைவது.

கையேட்டில் வேகம் தரப்படாதபோது ஃபைனலுக்குப் பொதுவாகப் பின்பற்றப்படுவது, தரையிறங்கும் அமைப்பில் விமானத்தின் ஸ்டால் வேகத்தைப்போல 1.3 மடங்கு. அதாவது உங்கள் பாதுகாப்பு அந்த எண்ணுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. செஸ்னா 172-இன் கையேடு ஃபிளாப்பை (இறக்கையின் பின்னோரத்தில் இறக்கப்படும் பலகை) முழுதும் இறக்கிய வழக்கமான தரையிறக்கத்துக்கு 60 முதல் 70 நாட் வரை சொல்கிறது. உங்கள் பயிற்றுநர் நடுவில் நின்றிருக்கிறார். 65-க்குப் பதில் 75-இல் வந்தால் வேகம் கூடுவது 15 சதவீதம்தான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதால் அது 33 சதவீதம் கூடிவிடுகிறது. இந்த மூன்றில் ஒரு பங்கு மிகையை ஓடுபாதைக்கு மேல் எங்காவது செலவழித்தாக வேண்டும்.

செலவழிப்பதும் எளிதல்ல. இறக்கையின் நீளத்தை ஒட்டிய உயரத்துக்குள், அதாவது செஸ்னா 172-க்கு 36 அடி அளவுக்குள் வந்துவிட்டால், தரையின் அண்மை இறக்கையின் இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. விமானம் வேகத்தை விட மனமில்லாமல் மிதந்துகொண்டே போகும். 65 நாட்டில் ஒரு நொடி மிதந்தால் 33 மீட்டர் ஓடுபாதை போய்விடும். ஐந்து நொடியில் 160 மீட்டருக்கு மேல். மாணவருக்குப் பொறுமை போய்விடும், மறுமுனை நெருங்குவது தெரியும், யோக்கைத் தள்ளி விமானத்தைத் தரையோடு ஒட்டவைக்கப் பார்ப்பார். மூக்குச் சக்கரம் படும். பிறகு நடப்பது முந்தைய பதிலில் இருக்கிறது.

காற்று விட்டுவிட்டு வீசும் நாளில் கொஞ்சம் கூட்டிக்கொள்வது சரியே. சீரான காற்றுக்கும் உச்ச வீச்சுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியைச் சேர்ப்பது வழக்கம். 10 நாட் காற்று 18 வரை எகிறுகிறது என்றால் 4 நாட் சேர்த்தால் போதும். அமைதியான காலையில் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை.

தனியாகப் பறக்கப்போகிறவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உச்ச எடை 757 கிலோ உள்ள செஸ்னா 152-இலிருந்து 75 கிலோ பயிற்றுநர் இறங்கிவிட்டால் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஸ்டால் வேகமும் ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. விமானம் பழகியதைவிட விரைவாக ஏறும், பழகியதைவிட நீளமாக மிதக்கும். முதல் தனிப் பறத்தலில் ஓடுபாதையின் மேல் விமானம் இறங்க மறுப்பதுபோலத் தோன்றினால் நீங்கள் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். இடம் போதாது என்று தோன்றினால் சுற்றி வாருங்கள்.

கேள்வி: பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிவிடுகிறேன். சாய்வை அதிகமாக்கப் பயந்து ரடரை அழுத்தி மூக்கைத் திருப்பினேன். பயிற்றுநர் என்றுமில்லாத கடுமையோடு பேசினார். இவ்வளவு சிறிய விஷயத்துக்கா? – 20 மணி நேரப் பறத்தல் முடித்த மாணவர்

பதில்: அவர் கடுமையாகப் பேசியதற்காக நான் மகிழ்கிறேன். இந்தப் பகுதியில் நான் பதில் சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை விமானத்தை முடமாக்குபவை. இது ஆளைக் கொல்வது.

நீங்கள் திருப்பத்தின் உள்பக்க ரடரை, அதாவது மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையின் பெடலை, அழுத்தும்போது வெளிப்பக்க இறக்கை விரைந்து முன்னேறுகிறது, அதன் தூக்குவிசை கூடுகிறது, சாய்வு தானாக அதிகரிக்கிறது. சாய்வைக் கண்டு பயந்த நீங்கள் யோக்கை எதிர்ப்பக்கம் திருப்புகிறீர்கள். அப்போது தாழ்ந்திருக்கும் உள் இறக்கையின் ஐலரான் (சாய்வைக் கட்டுப்படுத்தும் பின்னோரப் பலகை) கீழே வளைந்து, அந்த இறக்கையின் கோணத்தை இன்னும் கூட்டுகிறது. திரும்பும்போது மூக்கு தாழ்வதால் யோக்கைப் பின்னேயும் இழுத்திருப்பீர்கள். ஆக, மெதுவாகப் போகும் இறக்கைதான் மிகுதியான கோணத்தில் இருக்கிறது; முதலில் ஸ்டால் ஆவதும் அதுதான். விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்து சுழலத் தொடங்கும். அந்த இடத்தில் உங்கள் உயரம் 500 அடி அளவில் இருக்கும். சுழலிலிருந்து மீள அது போதாது.

சாய்வும் இலவசமல்ல. உயரம் குறையாமல் திரும்பும்போது 30 பாகைச் சாய்வில் ஸ்டால் வேகம் 7 சதவீதமும், 45 பாகையில் 19 சதவீதமும், 60 பாகையில் 41 சதவீதமும் கூடுகிறது. ஆகவே சர்க்யூட்டில், அதாவது ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் பாதையில், 30 பாகையே எல்லை; விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் திருப்பமானியின் பந்து நடுவில் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் ஓடுபாதைக்கு நேராக வர முடியவில்லையா, தாண்டிப் போகட்டும். தாண்டிப் போனதில் அவமானம் ஒன்றுமில்லை. இறக்கைகளைச் சமன்படுத்தி, விசை கொடுத்து, ஏறி, அடுத்த சுற்றில் வாருங்கள்.

தாண்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று. பேஸில் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து தள்ளினால் தரைவேகம் கூடும். நீங்கள் நினைத்ததற்கு முன்பே ஃபைனல் கோடு வந்துவிடும். டவுன்விண்டிலேயே இதைத் தெரிந்துகொள்ளலாம்: காற்று உங்களை ஓடுபாதையை நோக்கி ஒதுக்கிக்கொண்டே இருந்தால், பேஸில் அதே காற்று பின்காற்றாகத்தான் இருக்கும். அன்று திருப்பத்தைச் சற்று முன்னதாகத் தொடங்குங்கள்.

கேள்வி: குறுக்குக் காற்றில் விமானம் பாதையைவிட்டு விலகிப்போகிறது. யோக்கையும் ரடரையும் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்கிறேன். – ஒரு மாணவர்

பதில்: இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுத்துவிடுங்கள். விமானம் பக்கவாட்டில் ஒதுங்குவதைத் தடுப்பது யோக்கின் வேலை. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்துங்கள். மூக்கை ஓடுபாதையோடு நேராக வைப்பது ரடரின் வேலை. விமானம் விலகினால் ரடரைத் தொடாதீர்கள், மூக்கு திரும்பினால் யோக்கைத் தொடாதீர்கள் என்று சொல்லி, ஓடுபாதைக்கு மேல் தாழ்வாக, இறங்காமலேயே நேராகப் பறந்து பழக்குவது என் வழக்கம். நீளமான ஓடுபாதையில், பயிற்றுநர் விசையைக் கவனித்துக்கொள்ள, நான்கு முறை இப்படிப் பறந்தால் நாற்பது தரையிறக்கத்தில் வராத தெளிவு வரும்.

காற்று வரும் பக்கத்துச் சக்கரம் முதலில் படும், மற்றது பிறகு படும், அதுதான் சரி. பட்டதும் "முடிந்தது" என்று யோக்கை நடுவுக்குக் கொண்டுவருவது மிகப் பரவலான பிழை. வேகம் குறையக் குறைய ஐலரானின் ஆற்றலும் குறைவதால், காற்றுப் பக்கம் யோக்கை மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போய் முழுதுமாகக் கொண்டுசேர்க்க வேண்டும்.

இடப்பக்கம் அமர்ந்திருப்பவர்கள் எஞ்சின் மூடியின் நடுப்புள்ளியை மறுமுனையோடு பொருத்தி, நேராக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் கண்ணிலிருந்து அந்த நடுப்புள்ளிக்கு இழுக்கும் கோடு வலப்பக்கம் சரிந்தது. ஆகவே உண்மையில் மூக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கும், சக்கரங்கள் பக்கவாட்டில் தேய்ந்தபடி படும். உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே, மூடியின் மேல் ஒரு திருகையோ தையல் கோட்டையோ தேர்ந்தெடுத்து, விமானம் மஞ்சள் கோட்டில் நேராக நிற்கும்போதே அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றின் அளவையும் கணக்கிடுங்கள். ஓடுபாதைக்கு 30 பாகை சாய்ந்து வரும் 12 நாட் காற்றில் குறுக்குக் கூறு பாதி, 6 நாட். 60 பாகை சாய்ந்தால் 10 நாட்டுக்கு மேல். கையேட்டில் செஸ்னா 172-க்குக் காணும் 15 நாட் என்பது சோதனையில் செய்துகாட்டப்பட்ட அளவு. அது தேர்ந்த விமானியின் கையில் கிடைத்தது. மாணவருக்கான எல்லையைப் பயிற்றுநர் சொல்ல வேண்டும்.

கேள்வி: வேறொரு விமானத்தளத்துக்குச் சென்றபோது அங்கே ஓடுபாதை குறுகலாக இருந்தது. தாழ்வாக வந்து, ஃபிளேரும் தாமதமாகிவிட்டது. – ஒரு வாசகர்

பதில்: கண் ஏமாந்துவிட்டது. அகன்ற பாதைக்குப் பழகிய கண்ணுக்குக் குறுகிய பாதை தொலைவில் இருப்பதாக, அதாவது நாம் உயரத்தில் இருப்பதாகத் தோன்றும்; தன்னையறியாமல் தாழ்ந்துவிடுவோம். அகன்ற பாதையில் இதற்கு நேர்மாறு நடக்கும். மேல்நோக்கிச் சரிந்த பாதையும் உயரத்தில் இருப்பதான மயக்கத்தைத் தரும். இறங்கும் சரிவு சரியா என்று காட்டும் பாப்பி விளக்குகள் இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 3 பாகைச் சரிவுக்கு ஒரு கடல்மைலுக்கு ஏறக்குறைய 300 அடி என்ற கணக்கை உயரமானியோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 25 மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் தனியாகப் பறக்கவில்லை. அவளோடு சேர்ந்தவர்கள் பறந்துவிட்டார்கள். நேற்று மூன்று முறை இறங்காமலே சுற்றி வந்ததாகச் சொல்லி அழுதாள். அவளுக்கு இது வராதோ? – ஒரு தந்தை

பதில்: ஐயா, அந்த மூன்று முறையும் உங்கள் மகள் சரியான முடிவை எடுத்திருக்கிறாள் என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிறது. தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதி கேட்பது குறைந்தது 40 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் 35. அதற்குள் தனிப் பறத்தல் 10 மணி நேரம். முதல் தனிப் பறத்தல் எத்தனையாவது மணி நேரத்தில் நடக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை; பயிற்றுநரின் அனுமதியைத்தான் கேட்கிறது. காற்று, வகுப்புகளுக்கு இடையே விழும் நாள்கணக்கு, பயிற்றுநர் மாறுவது என்று எத்தனையோ காரணங்களால் அந்த நாள் தள்ளிப்போகும்.

சுற்றி வருவதையும் அவள் செம்மையாகச் செய்கிறாளா என்று மட்டும் கேட்டுப்பாருங்கள், ஏனெனில் அதிலும் பிழைகள் உண்டு. முழு விசை கொடுத்ததும், இறங்குவதற்காக வைத்த டிரிம் மூக்கைப் பலமாக மேலே தூக்கும். யோக்கை உறுதியாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். விமானி பார்வையில் வலமாகச் சுழலும் சுழலி மூக்கை இடப்பக்கம் இழுக்கும். வலது ரடர் வேண்டும். கார்புரேட்டர் உள்ள எஞ்சினில், அது உறையாமலிருக்கத் திறந்துவைத்த சூட்டை மூடாவிட்டால் முழு விசை கிடைக்காது. ஃபிளாப்பை ஒரே தடவையில் முழுதும் எடுத்துவிட்டால் விமானம் அமிழும்; செஸ்னா 172-இல் முதலில் 20 பாகைக்கு, பிறகு ஏற ஏற மீதியை எடுக்க வேண்டும். இவற்றைத் தடுமாறாமல் செய்பவள் என்றால், அவளோடு பறக்க எனக்குத் தயக்கமே இராது. இன்று இரவு அவளிடம் தரையிறக்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

கேள்வி: நான் புதிதாகப் பயிற்றுநர் ஆனவள். மாணவர் பிழை செய்யும்போது எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது கட்டுப்பாட்டை வாங்குவது என்பது பிடிபடவில்லை. முன்னதாக வாங்கினால் அவர் கற்பதில்லை. தாமதித்தால் விமானம் போய்விடும். – ஓர் இளம் பயிற்றுநர்

பதில்: முதல் பிழையை அவருக்கு விட்டுக்கொடுங்கள், இரண்டாவது அசைவுக்குக் காத்திருக்காதீர்கள். எழும்பிய விமானத்தை மாணவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் பேசாமல் இருங்கள், அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் கை முன்னே தள்ளத் தொடங்கினால் அந்தக் கணமே வாங்கிவிடுங்கள். ஃபைனலுக்கான திருப்பத்தில் பந்து நடுவைவிட்டு விலகுவதைக் கண்டால் பொறுமைக்கு இடமே இல்லை.

உங்கள் கைகள் யோக்கைத் தொடாமல், ஆனால் அதற்கு அருகில், மடியில் இருக்கட்டும். கால்கள் பெடலின் மேல் எடை வைக்காமல் தங்கியிருக்கட்டும். மாணவரின் தோளைப் பாருங்கள். கை இறுகுவதற்கு முன் தோள் காதை நோக்கி உயரும். வாங்கும்போது "என் கட்டுப்பாட்டில்" என்று உரக்கச் சொல்லுங்கள், அவர் "உங்கள் கட்டுப்பாட்டில்" என்று திருப்பிச் சொல்லிக் கையை எடுக்க வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் யோக்கை இழுத்துக்கொண்டிருப்பதும், இருவருமே விட்டுவிட்டு அடுத்தவர் ஓட்டுவதாக நினைத்திருப்பதும் நடந்திருக்கின்றன. இந்தச் சொற்களை எஞ்சினை இயக்கும் முன்பே தரையில் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

வாங்கியபின், ஏன் வாங்கினீர்கள் என்பதை அங்கேயே விளக்கத் தொடங்காதீர்கள். ஏறும் விமானத்தில் மாணவரின் காதில் எதுவும் விழாது. டவுன்விண்டில் சமநிலைக்கு வந்ததும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். கட்டுப்பாட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்து, அடுத்த சுற்றை அவரையே பறக்கவிடுங்கள்.